பிறவுனியின் தீர்ப்பு

நாய் வளர்ப்பதில் எனக்கு ஒருபோதும் ஆர்வம் இருந்ததில்லை. பிறவுனியை வாங்கி வந்தவள் என் மனைவி சுலோச்சனா. உணவூட்டியவளும் குளிப்பாட்டியவளும் அவளே. 1988ஆம் ஆண்டு நாங்கள் பிரிவதென்று முடிவானபோது, இலண்டனில் செவன் கிங்ஸ் பகுதியிலிருந்த வீட்டையும் அதிலுள்ள பொருள்களையும் தயங்காமல் எனக்கே விட்டுத்தந்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே வைச்சிருங்கோ. பிறவுனியை மட்டும் தரமாட்டன்," என்றாள்.

அதன் பின்னரே அந்த நாய் எனக்கும் வேண்டுமென்று தோன்றியது. அது நியாயமான விருப்பம் என்றே இன்றும் கருதுகின்றேன்.

என்னை 'மாஸ்டர்' என்றே அழைக்கும், இருவருக்கும் நண்பரான செபமாலைமுத்துவிடம் வழக்கைக் கொண்டுசென்றோம். அவர் சிரித்தார்.

"நாயிட்டை வாக்குமூலம் எடுக்கேலாது. ஆனால் அதுக்கு நாலு கால் இருக்கு. தங்கச்சி முதலிலை ஒரு வீடு பாக்கட்டும். நாலு கிழமையாலை பார்க்கிலை வைச்சுக் கூப்பிட்டுப் பாப்பம். அவவிட்டைப் போனால் அவவுக்கு. போகாட்டில் மாஸ்டருக்கு."

"அவனுக்கு என்ரை குரல் கேட்டால் காணும், அண்ணை," என்றாள் சுலோச்சனா.

அன்றே அவள் இல்ஃபோர்டில் சிநேகிதி டொலறஸின் அறைக்குப் போய்விட்டாள். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. ஆகவே பிறவுனி அந்த நான்கு வாரமும் என்னுடன் இருந்தது.

ஊரிலுள்ளோருக்குச் சொல்ல வேண்டியதைக் கசெற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகின்றவர்களிடம் கொடுத்தனுப்புவது அந்நாளில் எங்கள் வழக்கம். சுலோச்சனா தன் தாய்க்குப் பேசிய கசெற் ஒன்றை அனுப்பும்படி என்னிடம் தந்திருந்தாள். அதன் இறுதியில், "கேளுங்கோ அம்மா, இவன் குரைக்கிறதை. பிறவுனி, இஞ்சை வா ராசா," என்று அழைத்திருந்தாள்.

நான் ஊரில் இருபத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன். மாணவர் எவரையும் கோபத்தோடு அடித்ததில்லை. ஒரு பாடம் மனத்திற் பதிவதற்கு எத்தனை முறை, எவ்வளவு பலம் தேவை என்பதை அறிவேன். நாளொன்றுக்கு இருபது முறை அந்த அழைப்பை ஒலிக்கச் செய்தேன். 'ராசா' என்ற சொல் முடிந்ததும் கோடு போடும் அடிமட்டத்தின் விளிம்பினால் பிறவுனியின் முன்னங்காலில் ஓர் அடி. மூன்றாம் வாரத்தில் அடிமட்டம் தேவைப்படவில்லை. கசெற் ரேடியோவின் விசையை அழுத்தும் ஓசை கேட்டாலே கட்டிலின் கீழ் ஒளிந்துகொண்டது.

பார்க்கில் சுலோச்சனா முழந்தாளிட்டு, இரு கைகளையும் விரித்தாள்.

"இஞ்சை வா ராசா."

பிறவுனி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. பின்பு வயிறு நிலத்தில் உரசப் பின்வாங்கிச் சென்று, செபமாலைமுத்துவின் கால்களுக்கிடையே முகத்தைப் புதைத்தது.

"நான் அவனுக்கு என்ன செய்தனான், அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"மிருகத்துக்குத் தெரியும், ஆரை நம்பிறதெண்டு," என்றேன் நான்.

அவள் அழுதுகொண்டு போனாள். கசெற்றை நான் அனுப்பவேயில்லை. அது எனக்குத் தேவைப்பட்டது. மகளின் குரலைக் கேளாமலே அவளுடைய தாய் அவ்வாண்டு மார்கழியில் காலமானார்.

ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிறவுனி என்னிடம் நன்றாகவே ஒட்டிவிட்டது. ஒருமுறை கூப்பிட்டால் போதும், வயிறு நிலத்தில் உரச உடனே வருகின்றது. ஹீற்றர் எரியும் அறையிலும் நடுங்கிக்கொண்டுதான் வருகின்றது. இலண்டன் குளிர் அப்படிப்பட்டது.