உள்ளே குழந்தை

தண்ணீர் லாரி நேரத்துக்கு வந்துவிட்டால் அன்றைய நாள் நல்லபடியாகப் போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு சார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் லாரி நேரத்துக்குத்தான் வந்தது.

என் பெயர் அனுசுயா. நூம்பலில் ஏரி ஓரமாக இருக்கிறேன், பத்தொன்பது வருஷமாக. வேலப்பன்சாவடியில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகள் காவ்யா பன்னிரண்டாவது படிக்கிறாள். அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை. மத்தியானம் திரும்பி வருகிறவளுக்கு வீடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை.

எங்கள் தெருவுக்கு மனு எழுதித் தருகிறவள் நான்தான். வீடுகளை இடிக்காதீர்கள் என்று எத்தனையோ எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே ஒரு பதில் வந்தது. பிறகு ஜேசிபி வந்தது.

அறுபது பேர் குறுக்கே உட்கார்ந்தோம். இது சட்டவிரோதமான கூட்டம், கலைந்து போங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். மூன்றாவது தடவை சொன்னதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வீராசாமி அண்ணன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இன்னா பண்றது அனுசுயா, சாமானையாவது எட்த்துக்கலாம் வா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இனி யாரும் இல்லை என்று மட்டும் புரிந்தது.

சாமானை வெளியே வைத்தேன். வெறும் வீட்டை ஒரு தடவை பெருக்கினேன். ஏன் என்று தெரியவில்லை, பழக்கம். முதல் இரண்டு வீடுகள் போயின. மூன்றாவது என்னுடையது. இரும்புக் கை பட்டுக் கூரை ஷீட் சமையலறைப் பக்கம் சரிந்தபோது நான் கத்தினேன்.

"ஐயோ, உள்ள கொயந்த கீது."

ஒரு தடவைதான் கத்தினேன்.

டிரைவர் உடனே இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தார். பெயர் தமிழரசு என்பது பேப்பர் பார்த்துத்தான் தெரியும். முப்பது வயது இருக்கும். "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டார். சமையலறையைக் காட்டினேன். உடைந்த ஷீட்டை வெறும் கையால் தூக்கித் தூக்கிப் போட்டார். "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினார். வெளியே வந்தபோது இரண்டு கையிலும் ரத்தம்.

"காணோம்க்கா. வேற எங்கனா கீதா, நல்லா ரோசன பண்ணி சொல்லு."

அதற்குள் குழந்தை மேல் ஏற்றிவிட்டான் என்று பின்னால் பேச்சு பரவிவிட்டது. கலைந்து போன அறுபது பேரும் திரும்பி வந்தார்கள், கடப்பாரையும் செங்கல்லுமாக. போலீஸ்காரர்கள் தெருமுனையில் மாட்டிக்கொண்டார்கள். "யாரு, யாரு" என்று கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை எதுவும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி மறுபடியும் கிளம்பும்.

"இவன்தான்" என்றேன்.

பிறகு நடந்தது, அவர் உயிர் போனது வரைக்கும், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் தள்ளி, தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றேன். அவர் மேல் என் விரல்கூடப் படவில்லை.

இருபத்தோரு பேரைப் பிடித்தீர்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி நின்றால், ஒருவர் அடித்தாலும் எல்லோரும் அடித்த மாதிரிதான் என்று வக்கீல் சொன்னார். எதிர்வீட்டு ஞானகுமாரி யாரையும் அடிக்கவில்லை சார். புருஷன் பெனிட்டோவைக் கையைப் பிடித்து இழுத்துப் போக வந்தவள். இப்போது புழல் ஜெயிலில் இருக்கிறாள். அவள் மகள் ஜாஸ்லின், பாதி மிஞ்சிய என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். "அம்மா எப்ப வரும் ஆன்ட்டி?" என்று தினமும் கேட்கிறாள். நேற்று கேட்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் வந்தேன்.

கத்தியது யார் என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்களாமே. அது என் குரல். வீடு காலி என்று தெரிந்தே கத்தினேன். என்ன ஆகும் என்று தெரிந்தே அவரைக் காட்டினேன்.

ஆனால் ஒன்று சார். வண்டியை விட்டு இறங்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவராகத்தான் இறங்கினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.