அலமாரி அலமாரியா ஒரு காய்ச்சல்

…இல்லண்ணே, நான் கேக்குறேன், பதினெட்டு வருஷமா மருந்துக்கடையில நிக்கிறவனுக்கு ஒரு காய்ச்சல் தெரியாதா? அந்த டாக்டரம்மா என்னமோ நேத்துப் பொறந்தவன்கிட்ட கேக்குற மாதிரி, "மாத்திரையெல்லாம் யாரு எழுதிக் குடுத்தா?"ங்குறாங்க. நான்தான் எழுதினேன்! நானே டாக்டர், நானே பேஷன்ட், க்யூவும் கிடையாது.

கொஞ்சம் நகந்து உக்காருங்க, இந்த பெஞ்சு ஆடுது. எச்.ஐ.வி. டெஸ்டுக்கு வர்றவன் ஏற்கனவே நடுங்கிட்டுதானே வர்றான், பெஞ்சு வேற எதுக்கு!

என்ன சொன்னேன்… ஆங், காய்ச்சல். நூத்தி ரெண்டு. மூணாவது அலமாரி, பாராசிட்டமால். அடுத்து தொண்டை. எச்சில் முழுங்கினா கண்ணாடித்துண்டு. அதுக்குக் கீழ்த்தட்டு. அப்புறம் நெஞ்சுலயும் முதுகுலயும் செவப்பு செவப்பாத் திட்டு. பெரிசா அரிப்பும் இல்ல, அழைக்காம வந்த மச்சான் மாதிரி சும்மா உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு களிம்பு. கழுத்துல கோலிக்குண்டு கணக்கா நெறி. வாயில புண்ணு. வேர்வையில பனியனப் பிழியலாம். இத்தனையும் ஒரே ஆளு வந்து கேட்டிருந்தா, "மொதல்ல டாக்டரப் பாருய்யா"ன்னு வெரட்டியிருப்பேன். நான் ஒவ்வொண்ணாத்தானே என்கிட்ட வந்து கேட்டேன்!

பன்னெண்டே நாள். எல்லாம் போச்சு. நம்ம கைராசின்னு ஒரே பெருமை. டாக்டரம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? "எச்.ஐ.வி.யோட மொதக் காய்ச்சல்னா அது அப்படித்தான் போகும். காய்ச்சல் போயிடும், கிருமி போகாது. அப்புறம் வருஷக்கணக்கா சத்தமே காட்டாது"ன்னு. வந்தாலும் திட்டு, போனாலும் திட்டு! "சாதா காய்ச்சலுக்கும் இதெல்லாம் வரும், சிலருக்கு ஒண்ணுமே வராது, டெஸ்ட் பண்ணாத் தெரியும்"ங்குறாங்க.

பண்ணாமலா இருந்தேன்? எங்க கடையிலயே அந்த டெஸ்ட் டப்பா இருக்கு. விரல்ல குத்தி ஒரு சொட்டு. காய்ச்சல் வந்த மூணாம் நாளே, ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி நின்னு குத்திட்டேன். ஒத்தைக் கோடு. ஒத்தைக் கோடுன்னா இல்லைன்னு அர்த்தம். "ரொம்ப சீக்கிரம் பாத்தாத் தெரியாதுங்க, உள்ள இருக்குற காகிதத்தப் படிங்க"ன்னு வாங்குறவங்களுக்கெல்லாம் மனப்பாடமா சொல்லுவேன். என் டப்பாவுல இருந்த காகிதத்துலதான் விரல் ரத்தத்தத் தொடைச்சேன்.

ஏன் அப்பவே குத்துனேன்னு பாக்குறீங்க. ம்… மருந்துக் கம்பெனிக்காரங்க கூட்டம்ணே. ஓட்டல் ரூமு. ரெண்டு கிளாஸுக்கு அப்புறம்… விடுங்க. ஆணுறை என் கண்ணுக்கு நேரா இருக்குற தட்டுல இருக்கு, தெனம் இருவது பேருக்கு எடுத்துத் தர்றேன். என் சட்டைப்பையில? பேனா இருந்துச்சு! அந்த ராத்திரிக்கப்புறம் மூணு நாளுக்குள்ள இங்க வந்திருந்தா தடுக்குறதுக்கே மருந்து இருந்துச்சாம். மூணு நாளும் நான் கெடு முடிஞ்ச சிரப்பத் தேடிக்கிட்டு இருந்தேன்.

இப்பவும் பயமில்ல, தெனம் மாத்திரை போட்டா நல்லா இருக்கலாங்குறாங்க. அது இல்லண்ணே. வீட்டுக்காரி, அவ தங்கச்சி பிரசவத்துக்குப் போனவ, ரெண்டு மாசம் கழிச்சு நாளைக்கு வர்றா. இந்த ஆரம்ப வாரங்கள்ல கிருமி ரத்தத்துல பொங்கி நிக்குமாம். அடுத்தவங்களுக்கு ஒட்டுறதும் அப்பத்தான் அதிகமாம். நான் என்னன்னு சொல்லித் தள்ளிப் படுக்குறது?

அதான், "கடைசியா வெளிய உறவு எப்ப?"ன்னு டாக்டரம்மா கேட்டதும், ஆறு மாசம்னுட்டேன். வாய்க்கு வந்துடுச்சு. "அப்ப இந்தக் காய்ச்சல் அதுவா இருக்காது, சாதா டெஸ்டே போதும். சமீபத்துலன்னா கிருமியவே தேடுற டெஸ்ட் வேற"ன்னு எழுதிட்டாங்க. எனக்கா தெரியாது? இன்னைக்கும் ஒத்தைக் கோடு வரலாம். சீட்டோட வீட்டுக்குப் போய், அவகிட்ட ஜம்முன்னு…

அண்ணே? எங்க எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலியே… அண்ணே!… போயிட்டாரு.

…நர்ஸம்மா! ஒரு நிமிஷம். ஊசி அப்புறம் குத்தலாம். என் சீட்டுல ஒண்ணு தப்பா இருக்கு. அய்யோ, டாக்டரம்மா மேல தப்பில்லம்மா, நான்தான் அப்படிச் சொன்னேன். ஆறு மாசத்த அடிச்சிடுங்க.

இருபத்தெட்டு நாள்.