ராபின்சனுக்க தங்கப்பல்லு

— கவனிச்சா பதினஞ்சு வருசம் கெடக்கும்ணு நீங்கதானே சொன்னிய, ஞானையன் டாக்டரே? மூணு ஓணம் தாண்டல்ல. இந்தா, கழண்டு எனக்க கையில இருக்கு.

— 'கவனிச்சா'ண்ணு சொன்னேன் பாத்தியா, அதுலயாக்கும் காரியம், ஆனந்தபாய். உனக்க மாப்பிள கவனிச்சானா? தங்கம் கெட்டின பல்ல உமிக்கரியும் செங்கப்பொடியும் போட்டுத் தேய்க்காதண்ணு எத்தன மட்டம் சொன்னேன்?

— 'பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் தமிழ்நாட்டோட சேரணும்'ணு கூட்டத்துல பேசும்போ பல்லு மின்னணும்லா. தெனமும் காலையில பித்தளக் கிண்டிய வெளக்குத மாதிரி வெளக்குவாரு.

— பின்ன தேயாம இருக்குமா? தங்கக் கூடு அரிசுமணிக் கனம்கூட கெடையாது, பிள்ளே. அத கிண்டிண்ணு நெனச்சா நான் என்ன செய்ய?

— அதெல்லாம் கெடக்கட்டு. இத ஒருக்கா பாருங்க.

— வாசல்ல நிக்கது யாராக்கும்?

— போலீசுக்காரரு. வேலாயுதன்ணு பேரு. அவருதான் என்ன ஜீப்புல ஏத்திக் கொண்டுவந்தாரு.

— ஓ. பின்ன ஒண்ணு. கெட்டின பல்லால கொட்டப்பாக்கு கடிச்சு ஒடச்சானா, இல்லையா? நேரச் சொல்லு.

— ஒடச்சாரு. டாக்டரே, நான் எதுக்கு வந்தேன்ணு ஒரு வார்த்த கேப்பியளா?

— கழண்டதுக்கு வந்த. அதுக்குத்தானே சொல்லுகேன். அந்தப் பக்கம் கடிக்காதண்ணா அந்தப் பக்கமே கடிப்பிய. பொறவு 'டாக்டரு ஏய்ச்சுட்டாரு'ண்ணு சந்தையில நிண்ணு பறைவிய. இந்த ஊருல பல்லுப் பாக்கதுக்கு பதிலா பாறை ஒடைக்கப் போவலாம்.

— ஆத்துல ஒரு சவம் ஒதுங்கிக் கெடக்கு, டாக்டரே. ஊதி, மீனு கொத்தி, மொகமே இல்ல. இது அந்த வாயில இருந்ததாக்கும்.

— கர்த்தாவே.

— தமிழ்நாட்டோட சேரணும்ணு போன ஜாதா ஊர்வலத்துல போலீசு அடி நடந்த அண்ணைக்கு ஓடினவரு. ஒரு மாசமா வீட்டுப் பக்கம் வரல்ல. போலீசுக்கு அவருக்க அடையாளமே அந்தத் தங்கப்பல்லுதான். 'ராபின்சன்தான், ஏத்துக்கிட்டு கொண்டுபோயி அடக்கு'ண்ணு சொல்லுதாவ. எனக்குத் தெரியல்ல. கூட வாழ்ந்தவ நான், எனக்கே தெரியல்ல. பல்லு கெட்டினவரு நீங்களாக்கும். நீங்க சொல்லுங்க.

— டாக்டரே, தாமசம் உண்டோ? எனிக்கு ஸ்டேஷனில் போகணும்.

— இப்போ தீரும் ஏமானே. பல்லுக் காரியம், வெப்ராளப்பட்டு அவசரமாப் பாத்தா ஒக்காது. நீ அத இஞ்ச தா பிள்ளே, வெளிச்சத்துல பாக்கட்டு. ம். ஓரம் ஈறோட ஒட்டாம நிண்ணிருக்கு. அந்த எடையில வெத்திலயும் பாக்கும் போயி அடையும். அதுக்குத்தான் தின்னு கழிஞ்சா உப்புவெள்ளத்துல கொப்பளி, நூலு போட்டு இழுண்ணு சொல்லது. கூடு ஒருநாளும் கெடாது. உள்ள இருக்க பல்லாக்கும் அழுகுகது. பல்லு அழுகினா பொறவு…

— அழுகினதப் பத்தி எனக்கிட்ட பேசாதீய. அத பாத்துட்டாக்கும் நான் வாறேன்.

— கோவப்படாத, மக்கா.

— கோவப்படாம? நான் எனக்க தாலிய கையில பிடிச்சிட்டு நிக்கேன், நீங்க உப்புவெள்ளம் பறைதிய. கோயில்ல மணி அடிக்கதுக்கு உபதேசியாரு காத்து நிக்காரு. பிள்ளையளுக்கிட்ட என்ன சொல்லதுண்ணு எனக்குத் தெரியல்ல. ஒத்த வார்த்த கேக்கேன். அவரா, இல்லையா?

— ஏமானே, கொஞ்சம் உள்ள வாரும். உமக்க முன்ன வெச்சே சொல்லுகேன். இது நான் கெட்டினதுதான். ராபின்சனுக்குக் கெட்டினது.

— ஒறப்பாணோ, டாக்டரே?

— இந்தச் சுத்துவட்டாரத்துல தங்கம் கெட்டத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா? எனக்க வேல எனக்குத் தெரியாதா?

— அப்போ தீர்ந்து. இனி அவனெ தேடண்டா. ஞான் ஜீப்பின்டெ அடுத்து நில்க்காம். அவள் கண்ணீர் விட்டு கொஞ்சம் கரயட்டே, பாவம்.

— பதினஞ்சு வருசம்ணு சொன்னியளே, பாவி டாக்டரே. பல்லுக்குத்தானே பதினஞ்சு சொன்னிய, அவரு அதுக்குள்ள போயிட்டாரே. இனி எனக்கு ஒண்ணும் கேக்கண்டாம். அந்தக் கூட்ட இஞ்ச தாங்க, நான் போறேன்.

— போவாத, நில்லு. அவரு ஜீப்புக்கிட்ட போயாச்சு, மெதுவாக் கேளு. வேற எவனோ கெட்டின இப்பிடி ஒரு மோசமான சீத்த வேலைய எனக்க வேலண்ணு வாய்கூசாம சொல்லிட்டேன், கர்த்தரு பொறுக்கட்டு. உனக்க ராபின்சன் போன வாரம் இஞ்ச வந்து, 'சிரிச்சா பிடிச்சிருவானுவ, கழட்டித் தாரும்'ணு நிண்ணான். அவனுக்க கூடு இந்தா, எனக்க பெட்டியில கெடக்கு. அழுகைய நிறுத்தாத, மக்கா. ஆத்தங்கரையில கெடக்கவனுக்கும் அழ ஆளில்ல. ஜீப்பு வரைக்கும் கேக்கணும், நல்லா அழு.