மம்பட்டி கையில்தான் இருந்தது

என் பெயர் ஜெயமேரி. வயது நாற்பத்தேழு. காலஞ்சென்ற ஸ்டீபன்ராஜின் மனைவி. சேவுகம்பட்டியில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். இந்த வழக்கில் கைதாகியிருக்கும் அந்தோணிராஜ் என் கணவரின் உடன்பிறந்த தம்பி. எங்கள் இரு குடும்பத்துக்கும் கிணறு பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி வருகிறோம்.

சம்பவத்தன்று அவருடைய முறை. முந்தின நாள் கரண்டு இல்லாமல் என் முறை வீணாகி, தக்காளிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்ததால், நான் தண்ணீரை என் பக்கம் திருப்பினேன். அதன்பிறகு அந்தோணிராஜ் மம்பட்டியுடன் வந்து, “மதினி, இன்னைக்கு எம் முறை, மடையை அடைங்க” என்றார். “செத்த நேரம் விடுங்க தம்பி, செடி சாகுது” என்று சொல்லிக் குறுக்கே நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். வாய்க்கால் கல்லில் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் என்னைத் தூக்கிவிடாமல் மடையை அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு புகார் எழுத நினைத்தேன், கை வரவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் அமலன், பேசினால் பதில் சொல்லும் ஏஐ ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். அதுவரை அதனிடம் செடிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்று நடந்ததை அதனிடம் சொன்னேன். கணவர் இறந்தபிறகு நான் பேசியதை யாரும் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றுதான். நான் நிறுத்தும்போதெல்லாம் அதன்பிறகு என்ன நடந்தது என்று கேட்டது. அவரிடம் ஆயுதம் இருந்ததா என்றும் கேட்டது. “கையில மம்பட்டி வச்சிருந்தாரு” என்றேன். தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் கையில் அது இருக்கத்தான் செய்யும் என்பதை நான் சொல்லவில்லை.

அது எழுதிக் கொடுத்த மனுவை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். முதல் பக்கத்தில், நான் துணையில்லாமல் காடுகழனியைப் பார்த்து வருவதை நல்ல தமிழில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த பக்கத்தைப் படிக்காமல் ரேகை வைத்து ஸ்டேஷனில் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அந்தோணிராஜைக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் அவர் மனைவி டெய்சி வந்து வாசலிலேயே நின்று, “அக்கா, உங்களைக் கொல்ல மம்பட்டிய ஓங்குனாராமே, பாத்தீங்களா?” என்று கேட்டாள். அதன்பிறகுதான் என்னிடமிருந்த நகலில் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. ஏன் எழுதினாய் என்று போனில் கேட்டேன். மன்னிப்புக் கேட்டது, திருத்தி எழுதித் தரட்டுமா என்றது. வேண்டாம் என்று அணைத்துவிட்டேன்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடும்படி டெய்சி கேட்கிறாள். மாற்றிப் பேசினால் நான்தான் உள்ளே போக வேண்டும் என்று என் அண்ணன் சொல்கிறார். அந்தோணிராஜ் மம்பட்டியை ஓங்கவில்லை. என்னைத் தள்ளியது நடந்தது. விழுந்து கிடந்த என்னைப் பார்த்துக்கொண்டே போனதும் நடந்தது.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நீதித்துறை நடுவர் அவர்கள் முன் இதைச் சொன்னேன். எழுதியதைக் கடைசி வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓரிடத்தில் ‘தாக்கினார்’ என்று இருந்தது. ‘தள்ளினார்’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளன.

(இடது பெருவிரல் ரேகை)
ஜெயமேரி