துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்

எனக்கு நேராகத் தைக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் தைத்த முதல் தலையணை உறைக்குள் தலையணை நுழையவில்லை. இரண்டாவது உறைக்குள் இரண்டு தலையணைகள் நுழைந்தன. மூன்றாவதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த என் அண்ணன், "இது எந்த மிருகத்துக்கும்மா சட்டை?" என்று கேட்டான். அந்த உறையை அவன் கடைசிவரை தலைக்கு வைத்துப் படுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிரேஸி குவில்ட் என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. துணிகளைக் கோணல் மாணலாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டு, ஓரம் தெரியாமல் மேலே பூவேலை செய்கிற போர்வை அது. அதில் எதுவும் நேராக இருக்கக் கூடாது. நாற்பத்தோரு வயதில் கடைசியாக ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரி ஆனேன்.

புதன்கிழமை மாலைகளில் நூலகத்து மாடியில் எட்டுப் பேர் கூடித் தைப்போம். எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஊசி டீச்சர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஒரு நாளும் விழுங்கியதில்லை. அவர் முதல் வகுப்பில் சொன்னது இதுதான்: "துவைச்ச பிறகுதான் வெட்டணும். இல்லேன்னா பின்னாடி சுருங்கும், சாயம் இறங்கும், பக்கத்துத் துணியையும் சேர்த்துக் கெடுக்கும்." நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

அதன் பிறகு எந்தத் துணியைப் பார்த்தாலும் எனக்குக் கை அரித்தது. நான் ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளின் பெயரை எழுதிக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். மருத்துவருடைய கோட்டின் உள்துணி நல்ல சாம்பல் நிறம். ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு ஆசிரியையின் குடை, என் ஜன்னல் திரையின் அடிப்பாகம், எல்லாம் இப்படித்தான். என்னைத் திருடி என்று நினைக்க வேண்டாம். யாருக்கும் தெரியாத இடத்தில்தான் வெட்டுவேன், வெட்டிய இடத்தை மடித்துத் தைத்தும் வைப்பேன். கோணலாகத்தான் தைப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, பட்டறை வாசலிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். வீட்டில் மேல்தளத்தில் அவனும் அண்ணியும், கீழே நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அம்மா போன பிறகு என் ஒன்பது வயதிலிருந்து அவன் சட்டையைத் துவைத்தவள் நான். அண்ணி வந்து பதினோரு வருடம்தான் ஆகிறது. இந்தக் கணக்கை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் தினமும் போட்டுப் பார்ப்பேன்.

அண்ணி அழுக்குக்கூடையில் கிடந்த அவனுடைய சட்டைகளைத் துவைக்கவே இல்லை. அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். தினமும் சாயங்காலம் கட்டைப் பிரித்து, ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு திரும்பக் கட்டிவிடுவாள். மாடிப்படியில் நின்றால் அந்த அறை நன்றாகத் தெரியும். எனக்கு மாடிப்படியில் அடிக்கடி வேலை இருந்தது.

அந்த வாசனை எனக்குத் தெரியும். கிரீஸ், வியர்வை, சிகரெட்டை விட்ட பிறகு அவன் மென்ற கிராம்பு. எனக்கு அது வேண்டும் போலிருந்தது. பசி மாதிரி இருந்தது. ஒரு நாள் கேட்டும் பார்த்தேன்.

"அண்ணி, எனக்கு ஒரு சட்டை குடுங்களேன்."

"எதுக்கும்மா?"

முகர்ந்து பார்க்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "குவில்ட்ல வெச்சுத் தைக்கலாம்னு" என்றேன்.

"வெட்டவா? ஐயோ, வேணாம்மா. கோச்சுக்காதே" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே வந்து ஒரு ரோஜாப் பூவைத் தைத்தேன், அது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அண்ணி ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. பஸ்ஸில் பை தொலைந்துவிடுமோ என்று பயந்து அதை வீட்டிலேயே விட்டாள். சாவியைக் கையில் கொடுத்து, "செடிக்குத் தண்ணி ஊத்தும்மா. அந்தப் பையை மட்டும் தொடாதே" என்றாள். நான் செடிக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட வாடவில்லை.

பையைக் கீழே கொண்டுவந்தேன். துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்பதால் துவைத்தேன். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை சோப்புப் போட்டேன். கழுத்துப் பட்டையை பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன் பிறகு வெட்டினேன். ஆறு வாரம் தைத்தேன். பட்டறைச் சட்டையின் பாக்கெட்டை நடுவில் வைத்தேன். சுற்றிலும் காம்புத் தையல், சங்கிலித் தையல். என் வாழ்நாளிலேயே நான் செய்த உருப்படியான வேலை அதுதான். புதன்கிழமைக் குழுவில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணிக்கு அன்பளிப்பு என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணி திரும்பி வந்த அன்று போர்வையை அவள் கட்டிலில் விரித்து வைத்திருந்தேன். பாக்கெட்டை அடையாளம் கண்டுகொண்டாள். அப்படியே இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்தாள். பிறகு மெதுவாக முகத்தை எடுத்தாள்.

"துவைச்சியா?"

"துவைக்காம வெட்டக் கூடாது அண்ணி."

"எல்லாத்தையுமா? ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்கியா? கைக்குட்டை ஏதாவது?"

"எல்லாத்தையும்தான் அண்ணி. சாயம் இறங்குமில்லே."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து காலிப் பையை எடுத்து அதற்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள். பையையும் நான் அலசித்தான் வைத்திருந்தேன்.

விஷயம் குழுவுக்கு எட்டியது. ஊசி டீச்சர் வீட்டுக்கே வந்தார். நோட்டில் அடிக்கோடிட்ட வரியைக் காட்டினேன். அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"புதுத் துணிக்குத்தானேம்மா அப்படிச் சொன்னேன். நூறு தடவை துவைச்ச பட்டறைச் சட்டை இனிமே எங்கே சுருங்கப்போவுது? எங்கே சாயம் இறங்கப்போவுது? என்னை இதுக்குள்ளே இழுக்காதே."

நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். புதுத் துணிக்குத்தான் அந்த விதி என்று எனக்குத் தெரியும். துவைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டையையும் முகர்ந்து பார்த்தேன். எது ரொம்பவும் அவனாக இருந்ததோ, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தனியாக எடுத்து வைத்தேன். மற்றதை எல்லாம் துவைத்தேன். போர்வை தைப்பது என்பது அதற்குப் பிறகு வந்த யோசனை.

அண்ணி இப்போதும் வாரத்துக்கு ஒரு முறை கீழே வந்து, "நல்லா யோசிச்சுப் பாரும்மா, ஏதாவது ஒண்ணு விட்டுப்போயிருக்கும்" என்கிறாள். நான் நல்லா யோசித்து, இல்லை என்கிறேன். அவளிடம் கொடுத்திருந்தால் ஒரே மாதத்தில் அழுதே ஈரமாக்கித் தீர்த்திருப்பாள். நான் சிக்கனமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, நீலச் சட்டையை மடியில் வைத்து, எண்ணெய் தேய்த்த தலையைக் குனிந்து, ஒரே ஒரு மூச்சு.

போன ஞாயிறு எடுத்தபோது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் மட்டும்தான் வந்தது. அண்ணன் தேய்த்த எண்ணெய்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று நிம்மதியாக மடித்து வைத்தேன். அண்ணனுக்கு முப்பது வயதிலேயே தலை முழு வழுக்கை.