ஸ்லாஷுக்குப் பிறகு நட்சத்திரம்

— மறுகாலும் அதே சிவப்பு எழுத்துத்தான் அண்ணா. அப்படி ஒரு பக்கேஜ் இல்லையாம்.

— நீ பிழையா அடிச்சிருப்பாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். திரும்ப அடி.

— எத்தினை தரம் அடிக்கிற? இன்ஸ்டோல் பண்ணக்குள்ள சரி எண்டு காட்டுது. என்ட புரோகிராம ஓட விட்டா, இல்ல எண்டு சொல்லுது. நாலு மணிக்குள்ள கொழும்புக் கொம்பனிக்கு அனுப்பாட்டி அந்த வேலை போயிரும் அண்ணா.

— கத்தாத தனுஷா. சிக்வினத்தானே திறந்து வெச்சிரிக்கிறாய்? விண்டோஸுக்குள்ள லினக்ஸ் மாதிரி நடிக்கிற அந்தக் கறுப்புத் திரைய?

— ஓம். நீங்கதானே போட்டுத் தந்தது.

— அதுல ‘விச் பிப்’ எண்டு அடி. பக்கேஜ் இறக்கிற பிப் எங்க இரிக்கி எண்டு காட்டும். என்ன வருது, வாசி.

— சிக்டிரைவ்... சி... புரோகிராம் பைல்ஸ்... பைதன்...

— ம்ம். கொஞ்சம் பொறு, கடைக்கு ஆள் வந்திரிக்கி. சத்தத்த நிப்பாட்டிட்டு வாறன்.

— ஆர் வந்த? கடைக்குள்ள நீயும் நானும்தானே இரிக்கம் யதுர்ஷன்?

— உதயன், நீ உன்ட பிரிண்டரப் பாரு.

— ஸ்பீக்கர்ல போட்டா எனக்கும் கேக்கும்தானே மச்சான். அந்த லெப்டொப்புல பைதன் ரெண்டு இரிக்கி. ஒண்டு விண்டோஸ்ட, மத்தது சிக்வின்ட. பக்கத்து வீட்டுக் குசினியில சாமான வெச்சிட்டுத் தன்ட குசினியில தேடுறாள் புள்ள. சும்மா பிப் எண்டு அடிக்காம, பைதன்3 ஊடாக இன்ஸ்டோல் பண்ணச் சொல்லு. ஒரு வரியில முடிஞ்சிது.

— தெரியும். அவள் முதல் எரர வாசிக்கக்குள்ளயே தெரியும்.

— மறுகா என்னத்துக்கு மத்தியானத்துல இரிந்து அவள அலைக்கழிக்கிறாய்?

— இந்த வேலை கிடைச்சா கலியாணம் வேணாம் எண்டு நிப்பாள். வாகரை மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்குள்ள முடிவு கேக்கிறாங்க. கட்டார் வெயில்ல காய்ஞ்சு கல்லடியில வீடு கட்டினன். ஆருக்கு? எங்கட முறைக்கு வீடு பொம்பிளைப் புள்ளைக்கு. உறுதி எழுதினதும் தங்கச்சிட பேர்லதான். ஆம்பிளை உடுத்த உடுப்போட பொஞ்சாதி வீட்டுக்குப் போகணும். நான் கட்ட இரிக்கிற நிலோஜிட வீட்டுல மூணும் பொம்பிளைப் புள்ளைகள். இரிந்த ஒரு வீடும் மூத்தவளுக்குப் போயிற்று.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— இவளக் கரையேத்தினாத்தானே நான் நிலோஜிக்கு ஒரு அறையாவது கட்டலாம்? தைக்குள்ள ஒரு கூரையக் காட்டாட்டி அவட அம்மா அவள வேற இடத்துல குடுத்திருவா. எங்கட வீட்டுல நிலோஜியப் பத்தி ஆருக்கும் ஒண்டும் தெரியா.

— இதத் தங்கச்சிட்ட வாயத் திறந்து சொல்லன்.

— சொன்னா அழுவாள். அழுதா எனக்கு மனசு இளகிரும். இது எண்டா கொம்பியூட்டர் செஞ்ச பிழை. ஆரிலயும் கோவம் வராது.

— பாவம் மச்சான்.

— பாவத்தப் பாத்தா நான் கிழவனாகித்தான் மாலை மாத்தணும். வாய மூடு... ஹலோ, தங்கச்சி?

— இரிக்கன் அண்ணா. பாலத்தத் தாண்டினா வீடுதானே. பைக்குல ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்களன்.

— உன்ட விளையாட்டுக்குக் கடையப் பூட்டிட்டு வாறதா? கம்பஸ் முடிச்சவனுகளே இதுல திணறுறானுகள். நீ வீட்டுல இரிந்து வீடியோ பாத்துப் படிச்சவ.

— அந்த வீடியோக்களையும் நீங்கதானே அண்ணா இறக்கித் தந்த. நீ கெட்டிக்காரி, படி எண்டு சொன்னதும் நீங்கதான்.

— ...அது அப்ப. இப்பக் கவனமாக் கேளு. பழைய துண்டுகள் கிடந்து பக்கேஜத் தடுக்குது. துடைக்கணும். ‘வேலை’ எண்டு ஒரு போல்டர் தெரியுதா?

— தெரியுது. அதுக்குள்ளதானே என்ட எல்லாம் இரிக்கி?

— மண்டு. உன்ட எல்லாம் டெஸ்க்டொப்புல இரிக்கி. இது அங்க போறதுக்கு நான் போட்டுத் தந்த லிங்க். வெறும் நிழல். நிழல வெட்டினா மரம் சாயுமா?

— சாயாது.

— அப்ப அடி. ஆர், எம். இடைவெளி. சின்னக் கோடு, ஆர், எப். இடைவெளி. வேலை. ஸ்லாஷ். மறுகா நட்சத்திரம்.

— நட்சத்திரம் என்னத்துக்கு?

— நான் தொழில் செய்யிறவன், நீ கேள்வி கேக்கிறவ. விளங்கிச்சா?

— கோவப்படாதீங்க அண்ணா. பயமா இரிக்கி, அவ்வளவுதான். பென்டிரைவ்ல ஒரு கொப்பி வெச்சிரிந்தன், காலையில இரிந்து அதையும் காணல்ல.

— நான்தான் கடைக்குக் கொண்டு வந்தன். பத்திரமா இரிக்கி. பொறு, திரும்ப ஆள் வந்திரிக்கி.

— யதுர்ஷன்! நட்சத்திரம் போட்டா நிழல் இல்ல, மரமே போயிரும். லிங்குக்குள்ளால போய் டெஸ்க்டொப்புல இரிக்கிற அத்தனையையும் அழிச்சிரும்!

— அதுக்குத்தானே நட்சத்திரம்.

— பென்டிரைவ்ல கொப்பி இரிக்காம்தானே?

— இரிந்திச்சு. வந்தோண்ணத் துடைச்சிட்டன்.

— நீ மனிசனா? கொண்டா போன, நான் சொல்றன் அவளுக்கு.

— தொடு பாப்பம். நாளைக்கு இந்தக் கடையில உனக்குக் கதிரை இல்ல. வீட்டுல ரெண்டு புள்ளைகள் சோத்துக்குப் பாத்துக்கிட்டு இரிக்கிதுகள் எண்டதையும் மறந்திராத.

— புள்ளைகள இதுக்குள்ள இழுக்காத. சரி, நான் போனத் தொடல்ல.

— அப்படி. பிரிண்டரப் பாரு. ஹலோ, அடிச்சிட்டியா?

— அடிச்சிட்டன். எண்டர் மட்டும் அமத்தல்ல. நீங்க சொன்னா அமத்துறன்.

— அமத்து.

— அமத்தியாச்சு. ஒண்டும் கேக்கல்ல. சும்மா அடுத்த வரியில வந்து நிக்கிது.

— நல்லம். இப்ப ஓட விடு.

— விடுறன்... பைல் இல்லையாம். அண்ணா, என்ட புரோகிராமே இல்லையாம்!

— டெஸ்க்டொப்புல பாரு.

— பாக்கன்... போல்டர் வெறுமையாக் கிடக்கு. குப்பைத் தொட்டியிலயும் இல்ல. அண்ணா!

— அந்தத் திரையில அழிச்சா குப்பைத் தொட்டிக்குப் போகாது.

— மறுகா எங்க போகும்?

— எங்கயும் போகாது. போனது போனதுதான். பென்டிரைவயும் இப்பத்தான் போட்டுப் பாத்தன், அதுவும் திறக்குதில்ல. எங்கயாவது இடைவெளிய மாறி விட்டிருப்பாய். நான் ஒண்டு சொல்ல நீ ஒண்டு அடிச்சா என்ன செய்யிற?

— நானா பிழையா அடிச்சன்?

— பின்ன, நானா?

— இல்ல... இல்ல அண்ணா. உங்களில பிழை இல்ல. நான்தான் அவசரத்துல மாறி அடிச்சிருப்பன். கடை வேலையையும் விட்டிட்டு எனக்காக மினக்கெட்டீங்க.

— சரி, அழாத. உனக்கு எழுதினது அதில்ல எண்டு நினைச்சுக்க.

— இன்னும் கால் மணித்தியாலம்தான் இரிக்கி. மூணு மாசமா எழுதினத இனி எப்படி எழுதுற? அம்மாட்டச் சொல்லிருங்க அண்ணா. வாகரைக்கு ஓம் எண்டு சொல்லட்டும்.

— மனசாரத்தான் சொல்றியா?

— வேற என்ன செய்யிற? சம்பளமும் இல்லாம, கட்டவும் மாட்டன் எண்டு எத்தினை நாளைக்கு உங்கட தலையில இரிக்கிற?

— கெட்டிக்காரி. கொஞ்சம் பொறு, ஆள் வந்திரிக்கி... கேட்டியா உதயன்? பழம் நழுவிப் பாலில விழுந்திற்று. மூக்கால அழுதாலும் ஓம் எண்டுட்டாள். பின்னேரம் ரோல்ஸ் வாங்கித் தாறன், திண்டுட்டு இத மற.

— நீ வாங்கித் தாற எதுவும் எனக்கு இறங்காது. அவளோட கதை. என்னோட கதைக்காத.

— போடா... ஹலோ, சொல்லு தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டாருக்கு இண்டைக்கே போன் எடுக்கன்.

— எடுங்க. அதுக்கு முதல் ஒரு உதவி அண்ணா. எனக்கு வாய் வராது. நிலோஜி அக்காட்ட நீங்களே சொல்லிருங்க.

— ஆரு? நிலோஜிய உனக்கு எப்படித் தெரியும்?

— உங்கட போன் அடிக்கக்குள்ள உங்கட முகம் சொல்லாதா? மாமாங்கக் கோயில் தீர்த்தத்துல அவவையும் அவட அம்மாவையும் கண்டன். நானாப் போய்க் கதைச்சன்.

— என்ன கதைச்சாய்? தனுஷா, என்ன கதைச்சாய்?

— என்ட சம்பளத்துல நான் ஒரு வாடகை வீட்டுல இரிப்பன், வேலை கிடைச்ச அண்டைக்கே கல்லடி வீட்ட உங்க ரெண்டு பேருக்கும் எழுதித் தாறன் எண்டு அவட அம்மாட கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்தன் அண்ணா. இனி அந்த வீடு வாகரை மாப்பிள்ளைக்குத்தானே.