மொதோ ஞாயித்துக்கெழம மீனு

அய்ய, அந்தச் சங்கரா மீன இப்படிக் குடு அண்ணி. வால்லேர்ந்து தலைக்கு இல்ல செதில ஒரசணும்? நீ தலையிலேர்ந்து வாலுக்குத் தடவிக் குடுத்துகினு கீற, அது இன்னா கொயந்தயா தூங்க வெக்கறதுக்கு? கையி இங்க கீது, யோசன எங்கியோ கீது ஒனக்கு. குந்து. பலகைய இயித்துப் போட்டுகினு ஒயுங்கா குந்து. பாப்பா இப்பத்தான் கண்ண மூடிச்சி. கோயில் மணி அடிக்க இன்னும் நேரம் கீது.

இன்னாத்துக்கு சிரிக்கறேனா? ஒண்ணுமில்ல. மாசத்துல மொதோ ஞாயித்துக்கெழமைன்னா போதும், ஒனக்கு விடியக்காத்தால நெம்மேலிக்குப் போவணும், வச்சலா கூடையில மீனு பாக்கணும். மத்த ஞாயிறுல எல்லாம் கடல்ல மீனே கெடையாதா? கோயில்ல அப்பமும் ரசமும் வெச்சித் திருவிருந்து குடுக்கற நாளாப் பாத்துத்தான் அவங்க வலையில வந்து மாட்டுதா? எங்க வூட்டுக்காரரு, ஒன் தம்பி ஆல்வினு கூட சொன்னாரு, எங்கக்கா அந்த ராப்போஜனத்துக்கு வராத வரைக்கும் நமக்கு மத்தியானச் சோத்துக்குக் கவல இல்லன்னு.

கோவிச்சிக்காத. நான் எப்ப ஒங்கிட்ட இப்படிப் பேசியிருக்கேன்? சபையில சாட்சி சொல்லுன்னா முந்தானிய வாயில வெச்சிகினு குந்திடுவேன். அஞ்சாங்கிளாஸோட நின்னவ, எனக்கு இன்னா பேசத் தெரியும்? ஆனா கையில ஒரு வேலயக் குடுத்துட்டா எங்கேர்ந்தோ வாயி வந்துடுது. இன்னிக்கி இவ்ளோ மீனு வாங்கியாந்தது ஒன் தப்பு.

போன வாரம் ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டியே, பாத்தேன். ஆண்டவரு பரிசுத்தரு, பாவத்தப் பாக்க சகிக்காத கண்ணு அவருக்குன்னு ஐயா பிரசங்கத்துல சொன்னாரே, அப்பத்தான் போன. செருப்ப மாத்திப் போட்டுகினு போன. மார்கரெட்டு செருப்பு அது, பாவம், அவ வெயில்ல தேடிகினு இருந்தா.

நான் அன்னிக்கி முழுக்க அதயேதான் நெனச்சிகினு இருந்தேன். ஐயா படிச்சவரு, தப்பா சொல்ல மாட்டாரு. ஆனா சகிக்காதவங்க எல்லாரும் ஒரே மாரியா அண்ணி? படூர்ல நான் வேல செஞ்ச வூட்டம்மாவுக்கும் நாத்தம் ஆவாது. மூக்கப் பொத்திகினு கதவ சாத்திப்பாங்க. எனக்கும் பாப்பா துணியில போயிட்டா நாத்தம் ஆவாது. ஆவாததாலத்தான் ஓடியாந்து தூக்கறேன். ஊரு கொயந்த துணிய அழுக்காக்கினா எனக்கு இன்னா? எங்கொயந்த மேல ஒட்டிகினு கீதே, அதத்தான் தாங்க முடியல. நீயே கழுவிகினு அப்பறமா எங்கிட்ட வா கண்ணுன்னா சொல்றேன்? கழுவச் சொல்லோ அது கத்துது, ஒதைக்குது, அது வேற. கழுவி முடிச்சா அது வாசனையா கீது, நாத்தம் எங்கையில. தோ, இந்த மீனு மாரியே. மீனு சுத்தமாயிடும், கழுவுன கைய மோந்து பாரு. சிலுவைன்னா எனக்கு அவ்ளோதான் புரிஞ்சுது. வேதம் படிச்சவங்க இன்னும் ஒசத்தியா சொல்லுவாங்க.

வேதத்துல வர்ற அந்த மீன் புடிக்கறவர நெனச்சிப் பாத்தியா நீ? ஆண்டவரு கூடவே சுத்திட்டு, அவரப் புடிச்சிகினு போவச் சொல்லோ, எனக்கு அவர யாருன்னே தெரியாதுன்னு மூணு தபா சொன்னவரு? அவரும் ஒன்ன மாரிதான், நேரா கடலுக்குப் போயிட்டாரு. ஆண்டவரு இன்னா பண்ணாரு? கரையில நெருப்ப மூட்டி, மீன சுட்டு வெச்சிகினு, வா, வந்து சாப்புடுன்னாரு. ஏன்டா அப்படிச் சொன்னன்னு ஆரம்பிக்கல. மொதல்ல நாஸ்தா. சாப்ட்டப்பறந்தான் கேட்டாரு, எம்மேல ஒனக்கு அன்பு கீதான்னு. அதுவும் மூணு தபா. சும்மா வுடல பாரு. முள்ளு தொண்டையில நிக்கச் சொல்லோ தண்ணிய குடிச்சிட்டு போடான்னு அனுப்பல, ஒக்கார வெச்சி எடுத்தாரு.

இப்ப ஒங்கதைக்கு வருவோமா? அய்ய, கத்திய வெச்சிட்டு எழுந்துக்காத. குந்துன்றேன்.

எங்க கல்யாண ஓலைய மூணாவது வாரம் கோயில்ல படிக்கறாங்க. இவங்களுக்குக் கல்யாணம் ஆவக் கூடாதுன்னு யாருக்காவது ஆட்சேபண கீதான்னு ஐயா கேட்டாரு. எல்லா ஓலைக்கும் ஒரு பேச்சுக்குக் கேக்கறது. ஜனங்க அப்பத்தான் கொட்டாவி வுடும். நீ எழுந்த. இந்தப் பொண்ணுக்குப் படூர்ல வாச்மேனோட ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சின்ன. பலிபீடத்துக்கு நேரா நின்னுகினு. ஒன் வூட்டுக்காரரு தங்கச்சி மார்கரெட்ட தம்பிக்குக் கட்டி வெக்கணும்னு ஒனக்கு ஆச, அது எனக்கு அப்பறந்தான் தெரியும். ஆனா அண்ணி, அந்த வாச்மேனுக்கு வாயில பல்லே கெடையாது! பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சி, ரவ பாக்கற மாரி ஒரு ஆளா சொல்லியிருக்கக் கூடாதா?

அப்பா, சிரிச்சிட்ட. அழுவுறியா சிரிக்கறியா? அழுதா சட்டிய தள்ளி வெச்சிக்கோ, உப்பு போட்டாச்சி.

அது ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க நைனா அன்னிக்கித் தலைய குனிஞ்சிகினு வெளிய போனவரு. பொய்யின்னு தெரிஞ்சி, கல்யாணம் நடந்து, எல்லாம் ஆயும் இன்னும் கடைசி பெஞ்சிலதான் குந்தறாரு. நான் ஒம்மேல கறுவிகினுதான் இந்த வூட்டுக்கு வந்தேன். நீ வாங்கியாற மீனு தலைய வெட்டச் சொல்லோ எல்லாம் ஒன்ன நெனச்சிகினுதான் வெட்டுவேன். நெசமா. அது எப்ப நின்னுதுன்னு தெரியல. நீ ஒரு நாளும் மன்னிச்சிக்கோன்னு வாயத் தொறந்து கேக்கல. ஆனா பாப்பா பொறந்து எனக்குப் பால் ஊறலன்னு தெரிஞ்சதும் பால்சொறா வந்துது. அவிச்சி, முள்ளெடுத்து, புட்டாவே வந்துது. தட்ட வாசப்படியில வெச்சிட்டு ஓடிப் போன. மீனு மீனா நீ கேட்டுகினுதான் கீற அண்ணி.

அதத்தான் ஐயாகிட்ட சொன்னேன். ஆமா, போயிருந்தேன். நானேதான், தனியா. ஞானஸ்நானத்துக்கு எல்லாம் சரி அன்பரசி, பாப்பாவுக்கு ஞானத்தாய் யாருன்னாரு. ஒம்பேரத்தான் சொன்னேன், ஜாக்குலின்னு. அவரு கண்ணாடிய கயட்டிட்டுப் பாத்தாரு. ஒங்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களாம்மான்னாரு. கேட்டாங்கய்யா, சங்கரா, வஞ்சரம், பால்சொறான்னேன். சிரிப்ப அடக்கிகினு, திருவிருந்து எடுக்காதவங்க ஞானத்தாயா நிக்க முடியாதேம்மான்னாரு. இந்த ஞாயிறு எடுப்பாங்கய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒன்னக் கேக்காமத்தான். நீ மட்டும் அன்னிக்கி என்னக் கேட்டுட்டா எழுந்த?

ஒங்கையில பாப்பாவ எப்படிக் குடுப்பேன்னா? இந்தக் கையிலதான். இன்னிக்கி ஞானஸ்நானத்துல பாப்பாவுக்காகப் பாவத்த வெறுக்கறேன்னு சபைக்கு முன்னாடி சொல்லணும் இல்ல? அது எப்படிக் கசக்கும்னு தெரிஞ்ச வாயி சொல்லட்டும். ஆனா எங்க நைனாகிட்ட நீதான் பேசணும். ஆராதனைக்கு முன்னாடியே போ. அத நான் செஞ்சி குடுக்க முடியாது. மீனும் எடுத்துகினு போவாத, வாயத் தொற.

மணி அடிக்குது பாரு. ஐயா எல்லார் எதுரயும் ஒம்பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. ஆட்சேபண இருந்தா எழுந்து சொல்லு, ஒனக்குத்தான் பழக்கமாச்சே.

தோ வரேங்க! ஒன் தம்பி கூப்புடறாரு, பாப்பா முழிச்சிகிச்சாம். அண்ணி, கொடியில வெள்ளப் பொடவ கீது பாரு, ஒனக்குத்தான் தொவச்சிப் போட்டேன். கைய எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிக்கோ. அப்பவும் நாத்தம் போவலன்னா வுடு, பயப்படாத, நம்மள கழுவிக் கழுவி ஆண்டவரு கையும்... தோ வந்துட்டேங்க, அவள ரவ தட்டிக் குடுங்க! அவரு கையும் இந்நேரம்...